பன்னிரண்டு பேர் போதும்னு யார் சொன்னது?

குவாலிட்டேட்டிவ் ஆய்வுன்னு பேர் போட்ட தீசிஸ் ஏதாவது ஒண்ணை எடுத்து, ஆய்வுமுறை அத்தியாயத்தைப் பிரிச்சுப் பாருங்க. அடிக்கடி கண்ணுல படற ரெண்டு வரி இது: “மொத்தம் 12 பேரிடம் நேர்காணல் நடத்தப்பட்டது. தரவு நிறைவுநிலையை எட்டியதால் நேர்காணல்கள் நிறுத்தப்பட்டன.” பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள கெஸ்ட், 2006. (நிறைவுநிலைன்னா, இன்னும் யார்கிட்ட கேட்டாலும் புதுசா எதுவும் வராதுங்கிற கட்டம்.)

அவ்வளவுதான். அடுத்த தலைப்புக்குப் போயிடுவாங்க.

நர்ஸுங்களைப் பத்தின ஆய்வா, 12. தறி நெய்யறவங்களைப் பத்தியா, 12. ஐடி வேலையை விட்டுட்டு வந்தவங்களா, அதுவும் 12. கேள்வி வேற, ஆளுங்க வேற, ஊர் வேற. எண் மட்டும் அசையாது. படிக்கப் படிக்க எரிச்சல் வருது. ஏன்னா அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி, முன்பின் தெரியாத ஒருத்தருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தன் கஷ்டத்தைச் சொன்ன மனுஷங்க இருக்காங்க. ஏன் இத்தனை பேர்கிட்ட கேட்டோம், ஏன் அதோட நிறுத்தினோம்ங்கிறதுக்கு அவங்களை மதிச்சு ஒரு பதில் சொல்ல வேணாமா?

சரி, அந்த 12 எங்கேருந்து வந்துச்சு?

மேற்கு ஆப்பிரிக்காவுலேருந்து. கானாவுல அக்ரா, நைஜீரியாவுல இபாடான், இந்த ரெண்டு நகரத்துல எச்ஐவி தொற்று ஆபத்து அதிகம் இருந்த பெண்கள்கிட்ட ஒரு ஆய்வு நடந்துச்சு. அங்கே 30 பேர், இங்கே 30 பேர், மொத்தம் 60 நேர்காணல். பாலுறவு பத்திக் கேட்டா பெண்கள் எப்படிப் பேசுவாங்க, எதை மறைப்பாங்க, எதனால மறைப்பாங்கங்கிறதுதான் கேள்வி. (எச்ஐவி தடுப்பு ஆய்வுகள்ல, பெண்கள் தாங்களா சொல்ற பதிலை எவ்வளவு நம்பலாம்ங்கிறது பெரிய தலைவலி. அதுக்காகத்தான் இந்த ஆய்வே.) கிரெக் கெஸ்ட், ஆர்வென் பன்ஸ், லாரா ஜான்சன்னு மூணு பேர் இதை எழுதி 2006ல ‘ஃபீல்டு மெத்தட்ஸ்’ இதழ்ல வெளியிட்டாங்க.

அவங்க செஞ்ச வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கணும். ஏன்னா அந்த 12ஐ எடுத்துப் போடறவங்க பலர் இதை விட்டுடறாங்க.

நேர்காணல்களை எழுத்துல மாத்தி, ஆறு ஆறா எடுத்து கோடிங் பண்ணாங்க. கோடிங்னா வேற ஒண்ணுமில்ல, பேச்சுல வர்ற ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பேர் கொடுத்துக் குறிச்சு வெக்கிறது. அந்தப் பேர் எல்லாம் சேர்ந்த பட்டியல்தான் கோட்புக். ஒவ்வொரு ஆறு முடிஞ்சதும், இந்தச் சுத்துல எந்த கோட் புதுசா வந்துச்சு, எதோட விளக்கம் மாறிச்சுன்னு பதிவு பண்ணி வெச்சாங்க.

கானாவோட முதல் ஆறு நேர்காணல்ல 80 கோட். அடுத்த ஆறுல இன்னும் 20. அதாவது 12 பேர் முடியும்போது 100. மிச்சம் இருந்த 18 பேர்கிட்டேருந்து வந்தது வெறும் 9. நைஜீரியாவோட 30 பேரையும் சேர்த்த பிறகு மேல வந்தது 5. மொத்தம் 114.

அதோட, திரும்பத் திரும்பப் பயன்பட்ட முக்கியமான கோட் 36 இருந்துச்சு. அதுல 34 முதல் ஆறு பேர்லயே வந்துடுச்சு.

பார்த்தா ஆச்சரியமாத்தான் இருக்கு. இவ்வளவு சீக்கிரமாவா! அந்த ஆச்சரியம்தான் இந்தக் கட்டுரையை உலகம் பூரா கொண்டு போச்சு. ஆனா அது போன வழியில ஒண்ணு உதிர்ந்து போச்சு. அந்த மூணு பேரும் 12 பேர்கிட்ட பேசிட்டு நிறுத்தினவங்க இல்ல. 60 பேர்கிட்ட பேசினவங்க. 60ஐயும் கையில வெச்சுக்கிட்டு, ‘இதுல எந்த இடத்துல புதுசு வர்றது குறைஞ்சுச்சு’ன்னு திரும்பிப் பார்த்துச் சொன்ன எண் அது. பதிமூணாவது ஆளைப் பார்க்காம 12ல நிறைவு வந்துச்சுன்னு ஒருத்தர் எழுதினா, அவர் கெஸ்ட் குழு செஞ்சதைச் செய்யல. அவங்க முடிவை மட்டும் இரவல் வாங்கியிருக்கார்.

இன்னொண்ணு. எச்சரிக்கையை அவங்களே கட்டுரையில எழுதி வெச்சிருக்காங்க. அவங்க பேசின பெண்கள் ஓரளவுக்கு ஒரே மாதிரியான அனுபவம் உள்ளவங்க. எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். தலைப்பும் குறுகலானது. இதுல எது மாறினாலும் 6லேருந்து 12ங்கிறது பொருந்தாது. ஒரு குழுவை இன்னொரு குழுவோட ஒப்பிடணும்னா ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியா அத்தனை பேர் வேணும்.

ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம் சரிதான். ஆனா அது ஒரே பானையா, நாலு வீட்டுப் பானையான்னு முதல்ல தெரியணும்.

நாலு பானை இருந்தா என்ன ஆகும்னும் பார்த்திருக்காங்க. ஆஷ்லி ஹேகமன், ஆம்பர் வுட்டிச் ரெண்டு பேரும் 2017ல அதே இதழ்ல, கெஸ்ட் குழுவுக்குப் பதில் மாதிரி ஒரு கட்டுரை எழுதினாங்க. தண்ணீர் பத்தி நாலு வேற வேற இடங்கள்ல 132 பேர்கிட்ட எடுத்த நேர்காணல்கள். ஒரே இடத்துக்குள்ள பொதுவா வர்ற விஷயங்களைப் பிடிக்க 16 பேரோ அதுக்கும் குறைவோ போதுமா இருந்துச்சு. ஆனா நாலு இடத்தையும் குறுக்கே வெட்டிப் போற பெரிய கருத்துகளைப் பிடிக்க, ஒவ்வொரு இடத்துலயும் 20லேருந்து 40 பேர் வரைக்கும் தேவைப்பட்டுச்சு.

அப்போ 12ம் சரி, 16ம் சரி, 40ம் சரி. கேள்வியைப் பொறுத்து.

முப்பதுங்கிற முழு எண்

12ஐ விட்டா அடுத்து பிரபலம் 20, 30. மார்க் மேசன் 2010ல ஒரு வேலை செஞ்சார். நேர்காணலை அடிப்படையா வெச்ச 560 பிஎச்டி ஆய்வுகளை எடுத்து, ஒவ்வொண்ணுலயும் எத்தனை பேர்னு எண்ணினார். சராசரி 31. ஆனா சுவாரசியம் அதுல இல்ல. எண்கள் பத்துப் பத்தாக் குவிஞ்சிருந்துச்சு. 10, 20, 30, 40 எல்லாம் கோபுரம் மாதிரி நிக்குது. நடுவுல 17, 23, 34 எல்லாம் பள்ளம்.

புதுசா எதுவும் வராத இடத்துலதான் உண்மையிலேயே எல்லாரும் நிறுத்தினாங்கன்னா இப்படி வருமா? ஒருத்தருக்கு 17ல நின்னிருக்கும், இன்னொருத்தருக்கு 23ல. தகவல் தீர்ந்து போற இடம் சரியாப் பத்தோட மடங்குல வந்து நிக்கிறதுக்கு எந்தக் காரணமும் இல்ல. சினாப்சிஸ்ல முன்கூட்டியே எழுதின எண்ணைத்தான் எட்டிப் பிடிச்சிருக்காங்க, நிறைவுங்கிற வார்த்தை பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு. மேசனும் இதைத்தான் சுட்டிக் காட்டறார்.

இதுக்கு ஸ்காலர்களை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அவங்க நிலைமையைப் பாருங்க. டாக்டோரல் கமிட்டி எண் கேக்குது. எதிக்ஸ் கமிட்டி எண் கேக்குது. நிதி கொடுக்கறவங்க எண் கேக்கறாங்க. களத்துக்குப் போறதுக்கு முன்னாடியே எண் சொல்லியாகணும். ஆனா இந்த ஆய்வுமுறையோட அடிப்படையே, களத்துல கத்துக்கிட்டு அடுத்த அடி வைக்கிறது.

பத்திரிகைப் பக்கமும் ஒரு காரணம் உண்டு. 2007ல வந்த ‘கோரெக்’ங்கிற 32 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் மருத்துவ இதழ்கள்ல ரொம்பப் பிரபலம். அதுல 12வது அம்சம் எத்தனை பேர்ங்கிறது. 22வது அம்சம் நிறைவுநிலை பத்திப் பேசியிருக்கீங்களாங்கிறது. நல்ல எண்ணத்தோட வந்த பட்டியல்தான். ஆனா ‘பேசியிருக்கீங்களா’ன்னு கேட்டா, ‘பேசிட்டோம்’னு ஒரு வரி போட்டு டிக் அடிக்கிற வழக்கம் வந்துடுச்சு.

அந்த ஒரு வரியையும் எழுதாதவங்களே நிறையப் பேர். 2018ல வாசிலியூவும் கூட்டாளிகளும் மூணு பிரிட்டிஷ் இதழ்கள்ல 15 வருஷத்துக்கு வந்த 214 நேர்காணல் ஆய்வுகளைச் சலிச்சுப் பார்த்தாங்க. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 21க்கு 10 ஆய்வுதான் மாதிரி அளவுக்குக் காரணம் சொல்லியிருந்துச்சு. உடல்நல உளவியல் இதழ்ல 53க்கு 26. சமூகவியல் இதழ்ல 140க்கு வெறும் 24. காரணம் சொன்னவங்கள்ல அதிகம் பேர் சொன்னது எது? நிறைவுநிலைதான்.

அந்த வார்த்தை பிறந்த ஆஸ்பத்திரி

நிறைவுங்கிற கருத்தை ஆய்வுமுறைக்குள்ள கொண்டு வந்தவங்க பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ். 1967ல வந்த அவங்க புத்தகம்தான் ‘கிரவுண்டட் தியரி’ங்கிற ஆய்வுமுறைக்கே தொடக்கம். அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சான் பிரான்சிஸ்கோ பகுதி ஆஸ்பத்திரிகள்ல ஒரு களப்பணி செஞ்சாங்க. சாகப் போற நோயாளி, தான் சாகப் போறோம்னு தெரிஞ்சிருக்காரா, டாக்டரும் நர்ஸும் அவர்கிட்ட அதை எப்படிப் பேசறாங்க, எப்படிப் பேசாம இருக்காங்க. இதுதான் விஷயம். 1965ல அது தனிப் புத்தகமாவும் வந்துச்சு.

எந்த வார்டுக்கு முதல்ல போறது, எதுக்கு அடுத்து போறதுன்னு அவங்க எப்படி முடிவு பண்ணாங்கன்னு பாருங்க. தான் சாகறது நோயாளிக்குத் துளியும் தெரியாத இடம் எது? குறைமாசக் குழந்தைகள் வார்டு. அங்கேதான் முதல்ல. அடுத்து, நினைவில்லாம கிடக்கிற நோயாளிகள் அதிகம் இருக்கிற மூளை அறுவை சிகிச்சைப் பிரிவு. அதுக்கப்புறம், சாவு வரும்னு ஊழியர்களுக்கும் பல நேரம் நோயாளிகளுக்கும் தெரிஞ்சு, அது சீக்கிரமாவும் வர்ற தீவிர சிகிச்சைப் பிரிவு. பிறகு புற்றுநோய் வார்டு. அங்கே டாக்டருக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரிஞ்சும் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம், சாவு மெதுவா வரும். அப்புறம் எதிர்பாராம, சட்டுன்னு சாவு வர்ற அவசர சிகிச்சைப் பிரிவு.

இதுல எங்கேயாவது ‘எத்தனை பேர்’ங்கிற கேள்வி இருக்கா? ‘அடுத்து எங்கே போனா நான் இதுவரைக்கும் நினைச்சது உடையும்’ங்கிற கேள்விதான் இருக்கு. வேணும்னே வித்தியாசமான இடத்தைத் தேடித் தேடிப் போயிருக்காங்க. அப்படித் தேடியும் ஒரு கருத்துல புது முகம் எதுவும் தென்படலைன்னா, அந்தக் கருத்து நிறைஞ்சுடுச்சு. அதைத்தான் அவங்க நிறைவுன்னாங்க. ஒரே வார்டுல ஒரே மாதிரி நோயாளிகள் 12 பேரைப் பார்த்துட்டு ‘புதுசா எதுவும் வரல’ன்னு எழுதறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து ஒளிஞ்சிருக்கு. நிறைவுநிலை ரொம்பச் சுலபமா வந்துடும், நாம தப்பான கதவு வழியா உள்ளே போயிருந்தா. ஒரு கிராம சுகாதார செவிலியர் கூட்டிட்டு வந்த பத்து அம்மாக்கள்கிட்ட தடுப்பூசி பத்திக் கேட்டா, பத்துப் பேரும் நல்லதைத்தான் சொல்லுவாங்க. அஞ்சாவது ஆள்லயே ‘நிறைவு’ வந்துடும். செவிலியரைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கிற பதினோராவது அம்மா அந்தப் பட்டியல்லயே இருக்க மாட்டாங்க. அதே மாதிரி, கேள்வி மோசமா இருந்தாலும் நிறைவு வேகமா வரும். ‘உங்களுக்குச் சிரமம் இருந்துச்சா?’ன்னு கேட்டா எல்லாரும் ‘ஆமாங்க’ம்பாங்க. ரெண்டாவது ஆளோட கடையைக் கட்டிடலாம்.

ஆகவே ‘நிறைவு வந்துச்சு’ங்கிறது தனியா ஒரு சான்று இல்ல. யார் மூலமா ஆளைப் பிடிச்சீங்க, யாரெல்லாம் வரல, என்ன கேட்டீங்கங்கிறது கூடவே வரணும்.

தஞ்சாவூர்ல நடந்த ஒரு ஆய்வை இங்கே சொல்லணும். ஆந்த்ரே பெத்தேய் 1960களோட தொடக்கத்துல தஞ்சை மாவட்டத்துல ஒரே ஒரு கிராமத்துல களப்பணி செஞ்சார். ஊருக்கு ஸ்ரீபுரம்னு புனைபேர் வெச்சார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூணும் எப்படி ஒண்ணுக்கொண்ணு விலக ஆரம்பிச்சிருக்குன்னு அவர் எழுதின புத்தகம் 1965ல வந்துச்சு, இன்னிக்கும் படிக்கிறாங்க. மாதிரி அளவு: ஒரு ஊர். ஆனா அந்த ஒரு ஊருக்குள்ள பிராமணர், பிராமணர் அல்லாதார், ஆதிதிராவிடர்னு மூணு உலகத்தையும் பார்க்க வேண்டியிருந்துச்சு. அவர் தங்கினது அக்ரஹாரத்துல. அங்கே தங்கினதாலயே மத்த தெருக்கள்ல பழகறது தனக்கு அவ்வளவு சுலபமா இல்லைன்னு அவரே புத்தகத்துல எழுதியிருக்கார். வாசகருக்கு அது எவ்வளவு பெரிய உதவி! எந்தத் தெருவைப் பத்தி அவர் சொல்றதை எவ்வளவு தூரம் நம்பலாம்னு அந்த ஒரு தகவல்லேருந்து நாமே எடை போட்டுக்கலாம். ‘நிறைவு எட்டப்பட்டது’ங்கிற வரியால இதைச் செய்ய முடியுமா?

(இன்னும் கீழே போகணும்னா, மார்கரெட் ட்ராவிக் 1990ல வெளியிட்ட புத்தகம் தமிழ்நாட்டுல ஒரே ஒரு குடும்பத்தைப் பத்தினது. அன்புங்கிறது ஒரு வீட்டுக்குள்ள எப்படியெல்லாம் புழங்குதுன்னு பார்த்தவருக்கு அது போதுமா இருந்துச்சு. 2012ல பிரிட்டன்ல ‘எத்தனை நேர்காணல் போதும்’னு பல அறிஞர்கள்கிட்ட கேட்டு ஒரு தொகுப்பு போட்டாங்க. அதுல ஹோவர்ட் பெக்கர் சொன்னதோட சாரம்: ஒரு விஷயம் நடக்க முடியும்னு காட்டணும்னா ஒரே ஒரு நேர்காணலே போதும்.)

கேட்டாச்சு, ஆனா புரிஞ்சுதா?

இன்னொரு ஆய்வும் இருக்கு. 12ஐத் தூக்கிப் பிடிக்கிறவங்க அவசியம் படிக்க வேண்டியது. 2017ல மோனிக் ஹென்னிங்க், பானி கைசர், வின்சென்ட் மார்கோனி மூணு பேரும் எழுதினது. அமெரிக்காவுல எச்ஐவி சிகிச்சைக்குத் தொடர்ந்து வர்றதைப் பத்தி நோயாளிகள்கிட்ட எடுத்த 25 நேர்காணல். அவங்க கேள்வியை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு விஷயம் முதல் தடவை எப்போ காதுல விழுது? அந்த விஷயம் முழுசா எப்போ புரியுது?

ஒன்பது நேர்காணல்லயே பெரும்பாலான கோட் வந்துடுச்சு. எல்லாம் கேட்டாச்சு. ஆனா புரியறதுக்கு 16லேருந்து 24 வரைக்கும் ஆச்சு. அதுலயும் வித்தியாசம் இருக்கு. கண்ணால பார்க்கக்கூடிய, கையால தொடக்கூடிய விஷயங்கள் சீக்கிரம் புரிஞ்சுடுச்சு. மனசு சம்பந்தப்பட்ட, கருத்தளவுல இருக்கிற விஷயங்கள்தான் இழுத்துச்சு.

உதாரணத்துக்கு, காசநோய் மாத்திரையைப் பாதியில நிறுத்தினவங்ககிட்ட ஒருத்தர் ஆய்வு பண்றார்னு வெச்சுக்குங்க. ‘பஸ் வசதி இல்ல’ன்னு மூணாவது ஆள் சொன்னாலே விஷயம் முடிஞ்சுது. அதுல தோண்டறதுக்குப் பெருசா ஒண்ணுமில்ல. ‘வெக்கமா இருந்துச்சு’ன்னும் அதே மூணாவது ஆள்தான் சொல்லுவார். கோட் போட்டாச்சு. ஆனா யார்கிட்ட வெக்கம்? மாமியார்கிட்டயா, வேலை கொடுத்தவர்கிட்டயா, கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு வீட்டுல இருக்கிறதாலயா? ஆம்பளைக்கு வர்ற வெக்கமும் பொம்பளைக்கு வர்ற வெக்கமும் ஒண்ணா? ஒன்பதாவது ஆள் ஒரு வாசலைத் திறப்பார், பதினெட்டாவது ஆள் இன்னொண்ணைத் திறப்பார். கோட்புக்ல ஒரு வரி கூடக் கூடியிருக்காது. ஆனா புரிதல் தலைகீழா மாறியிருக்கும். இதை எந்த எண்ணிக்கையும் காட்டாது.

விர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் ரெண்டு பேரும் இன்னும் ஒரு படி மேலே போறாங்க. கருத்துகள் எல்லாம் தரவுக்குள்ள முன்கூட்டியே கிடக்குது, நாம போய்ப் பொறுக்கணும்னு நினைச்சாத்தான் ‘எல்லாத்தையும் பொறுக்கியாச்சு’ன்னு சொல்ல முடியும், ஆய்வாளர் படிச்சு, யோசிச்சு, அர்த்தம் உண்டாக்கற வேலையில நிறைவுங்கிற பேச்சே பொருந்தாதுன்னு வாதாடறாங்க. அவங்க உருவாக்கின தீமேட்டிக் அனாலிசிஸ் முறையைப் பயன்படுத்திட்டு, அதே பக்கத்துல ‘நிறைவு எட்டப்பட்டது’ன்னு எழுதறவங்க இருக்காங்க. வைவாவுல இதை ஒருத்தர் கேட்டா பதில் சொல்றது கஷ்டம்.

அப்போ என்ன எழுதறது?

நார்வே மருத்துவர் கிர்ஸ்டி மால்டெருட் குழு 2016ல ஒரு வழி சொன்னாங்க. ஒவ்வொரு நேர்காணலும் உங்க கேள்விக்கு எவ்வளவு தகவல் சுமந்துட்டு வருதுன்னு பாருங்கங்கிறாங்க. சுமை அதிகம்னா ஆள் குறைவாப் போதும். கேள்வி குறுகலா இருந்தா சுமை அதிகம். பேசறவங்க அந்த அனுபவத்துல நேரா அடிபட்டவங்களா இருந்தா அதிகம். தாங்கிப் பிடிக்க ஏற்கெனவே ஒரு கோட்பாடு இருந்தா அதிகம். பேச்சு மனசு விட்டு, ஆழமா அமைஞ்சா அதிகம். ஒவ்வொருத்தர் கதையையும் தனியா ஆழமா அலசற ஆய்வுன்னாலும் குறைவான ஆள் போதும், எல்லாரையும் குறுக்கே ஒப்பிடற ஆய்வுன்னா கூடுதலா வேணும். இதுல பேச்சோட தரத்தைச் சேர்த்ததுதான் முக்கியம். பத்து வருஷம் களத்துல பழகினவர் எடுத்த எட்டு நேர்காணல்ல இருக்கிறது, கேள்வித்தாளை வரிசையாப் படிச்ச ஒருத்தரோட முப்பதுல இருக்காது. இதைச் சொல்ல எல்லாரும் கூச்சப்படறாங்க, இவங்க வெளிப்படையாச் சொன்னாங்க.

எண்ணாத்தான் காட்டணும், கமிட்டி விடாதுன்னா அதுக்கும் வழி இருக்கு. ஜில் பிரான்சிஸ் குழு 2010ல சொன்னது: முதல்ல 10 பேர்னு வெச்சுக்குங்க, அதுக்கப்புறம் வரிசையா மூணு பேர்கிட்ட புதுசா எதுவும் வரலைன்னா நிறுத்துங்க. முக்கியம் என்னன்னா, இந்த விதியைக் களத்துக்குப் போறதுக்கு முன்னாடியே எழுதி வெக்கணும். அதே கெஸ்ட்டும் 2020ல வேற ரெண்டு பேரோட சேர்ந்து ஒரு சின்னக் கணக்கு கொடுத்தார். முதல் அஞ்சு நேர்காணல்ல 40 கோட் கிடைச்சுதுன்னு வெச்சுக்குங்க. அடுத்த மூணுல 4 புதுசு வந்தா, 40க்கு 4, பத்து சதவீதம். நிறுத்தக்கூடாது. அதுக்கடுத்த மூணுல 1 தான் வந்தா, இரண்டரை சதவீதம். அஞ்சு சதவீதத்துக்குக் கீழே போனா நிறுத்தலாம்னு முன்கூட்டியே முடிவு பண்ணியிருந்தா நிறுத்திக்கலாம். கால்குலேட்டர் கூட வேணாம். ஒரு பக்க அட்டவணை, தீசிஸோட பின்னிணைப்புல போட்டுட்டா, படிக்கிறவங்க தாங்களே சரிபார்த்துக்குவாங்க.

ஆனா இந்தக் கணக்கு ஹென்னிங்க் சொன்ன புரிதலை அளக்காது. கோட் எண்ணிக்கையை மட்டும்தான் அளக்கும். அதையும் சேர்த்து எழுதறதுதான் நியாயம்.

நேரம், பணம் பத்தியும் வெளிப்படையா எழுதலாம். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு டைப் பண்ண நாலஞ்சு மணி நேரம் ஆகும். பின்னணியில மிக்ஸி ஓடினா, குழந்தை அழுதா இன்னும் கூடும். தனியா வேலை செய்யற ஒரு ஸ்காலர், அதை மொழிபெயர்த்து, கோடிங் பண்ணி, திரும்பத் திரும்பப் படிக்கணும். மார்கரெட் சாண்டலோவ்ஸ்கி 1995லயே எழுதினார்: மாதிரி ரொம்பச் சின்னதா இருந்தாலும் தப்பு, ஆழமாப் படிக்க முடியாத அளவுக்குப் பெருசா இருந்தாலும் தப்புன்னு. 60 நேர்காணல் எடுத்து, அதுல 45ஐ ஒரே ஒரு தடவை மேலோட்டமாப் பார்த்துட்டு மூடி வெச்சா, அந்த 45 பேரோட நேரத்தை எடுத்துக்கிட்டதுக்கு என்ன அர்த்தம்? புருஷனை இழந்த அம்மாகிட்ட, வேலை போன தொழிலாளிகிட்ட, அந்த நாளைப் பத்தித் திரும்பப் பேசச் சொல்றது சாதாரண விஷயம் இல்ல. கூடுதல் ஆள்னா கூடுதல் பலம்னு நினைக்கிற கமிட்டிகள் இதையும் கணக்குல எடுத்துக்கணும்.

இதெல்லாம் சேர்ந்தா தீசிஸ்ல அந்த ரெண்டு வரி எப்படி மாறும்? அதே காசநோய் உதாரணத்தை வெச்சு எழுதிப் பார்க்கலாம். இடம், ஆள் எல்லாம் கற்பனை:

“சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்களின் அனுபவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும் என்று எதிர்பார்த்ததால் இரு பாலரிடமும் தனித்தனியாக நேர்காணல் தொடங்கினோம். ஒவ்வொரு பக்கமும் பத்துப் பேர், அதன்பின் தொடர்ந்து மூவரிடம் புதிய கருத்து வராவிட்டால் நிறுத்துவது என்று முன்கூட்டியே தீர்மானித்தோம். ஆண்களிடம் 13 நேர்காணல்களில் நிறுத்தினோம். பெண்களிடம் பதினோராவது, பதினான்காவது நேர்காணல்களில் திருமணப் பேச்சு தொடர்பான புதிய கருத்துகள் வந்ததால் 17 வரை சென்றோம். முதல் எட்டுப் பேரும் சுகாதாரப் பணியாளர் மூலம் வந்தவர்கள். அவர்கள் மருத்துவமனையைக் குறை சொல்லத் தயங்கியதைக் கண்டு, மற்றவர்களைப் பீடிச் சங்கத்தின் வழியாகத் தேடினோம். புலம்பெயர்ந்த தொழிலாளர்களை எங்களால் சென்றடைய முடியவில்லை. அவர்களைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு நேர்காணலிலும் வந்த புதிய கருத்துகளின் எண்ணிக்கை பின்னிணைப்பில் உள்ளது.”

மொத்தம் 30 பேர் வந்துட்டாங்க, தற்செயலா முழு எண்தான். ஆனா வைவாவுல யாராவது ‘ஏன் 30’ன்னு கேட்டா, இதை எழுதினவருக்குச் சொல்றதுக்குப் பதில் இருக்கு. 13 ஏன், 17 ஏன், எட்டாவது ஆளுக்கப்புறம் ஏன் வழியை மாத்தினார், யாரை விட்டுட்டார், எல்லாம் பக்கத்துலயே இருக்கு. எக்ஸாமினர் ஒத்துக்காம போகலாம். பெண்களை இன்னும் பார்த்திருக்கணும்னு சொல்லலாம். அப்படிச் சொல்றதுக்கும் அந்தப் பத்தியிலயே அவருக்கு இடம் இருக்கு.